அண்ணனுக்குப் பின் தம்பி: சவூதி அரியணை எப்படித் தடம் மாறியது?

இன்னைக்கு ஒரு வீடியோவிலிருந்து ஆரம்பிக்கலாம். 2017 ஜூன் 21, மெக்காவில் ஒரு அரண்மனை. 31 வயசு இளவரசர் ஒருத்தர் நல்லா குனிஞ்சு, கிட்டத்தட்ட மண்டி போட்டு, 57 வயசு ஒருத்தரோட கையை முத்தமிடறார். பெரியவர் ரெண்டு வார்த்தை வாழ்த்திச் சொல்றார். அவ்வளவுதான், சில விநாடி வீடியோ.

முத்தம் வாங்கினவர் முகமது பின் நாயிஃப். அதுவரைக்கும் சவூதியோட பட்டத்து இளவரசர். முத்தம் கொடுத்தவர் முகமது பின் சல்மான். அன்னைக்கு அந்தப் பதவியை எடுத்துக்கிட்டவர். ரெண்டு பேருமே முகமது, அதனால இனி எம்.பி.என்., எம்.பி.எஸ். ‘பின்’னா ‘மகன்’. நாயிஃபோட மகன், சல்மானோட மகன். அந்த ரெண்டு அப்பாக்களும் கூடப் பிறந்தவங்க, ஒரே அம்மா. அப்போ இது பெரியப்பா பையனுக்கும் சித்தப்பா பையனுக்கும் நடந்த விஷயம்.

வாட்ஸ்அப்ல அப்ப எல்லாரும் இதை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’னு சொல்லிட்டு இருந்தாங்க. கதையா கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுல சுவாரசியமானது சதி கிடையாது. அங்க அரியணைக்கு ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசை என்னைக்காவது ஒரு நாள் தீர்ந்துடும்னு எல்லாருக்கும் தெரியும். பல வருஷமா ரிலீஸுக்கு ரிலீஸ் தள்ளிப் போட்ட டெக்னிக்கல் டெப்ட் மாதிரி. கடைசியில யார் அதைச் சரி பண்ணாங்களோ, சிஸ்டமே அவங்க கைக்குப் போயிடுச்சு.

முதல்ல அந்த வரிசை என்னன்னு பார்க்கணும்.

இன்றைய சவூதியை உருவாக்கியவர் அப்துல் அசீஸ். வெளியுலகத்துக்கு இப்னு சவூத். 1902-ல் சில டஜன் ஆட்களோட ரியாத்தைப் பிடிச்சார். 1932-ல் ‘சவூதி அரேபியா’ங்கிற பேர்ல ராஜ்யம் அறிவிக்கப்பட்டது. 1953 நவம்பர்ல இறந்தார். அப்ப அவருக்கு முப்பதுக்கும் மேல மகன்கள் உயிரோட இருந்தாங்க. அதுக்கப்புறம் சவூதியை ஆண்டவங்க பேரைப் பாருங்க: சவூத், ஃபைசல், காலித், ஃபஹத், அப்துல்லா, சல்மான். ஆறு பேருமே இப்னு சவூதோட மகன்கள். அப்பாவுக்கு அப்புறம் பையன்ங்கிறது ஒரே ஒரு தடவைதான் நடந்தது, 1953-ல். அதுக்கப்புறம் 2015 வரைக்கும் அண்ணன், தம்பி, அடுத்த தம்பி. பக்கவாட்டுல போற வரிசை.

ஏன் இப்படி? இதுக்கு 1865-க்குப் போகணும். சவூத் குடும்பம் அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை ராஜ்யம் நடத்தியிருக்கு. ரெண்டாவது ராஜ்யத்தோட பெரிய தலைவர் ஃபைசல் பின் துர்க்கி 1865-ல் இறந்தார். நாலு மகன்கள். மூத்தவர் அப்துல்லா பதவிக்கு வந்தார், அடுத்தவர் சவூத் கிளம்பிட்டார். அண்ணன் தம்பி சண்டை வருஷக்கணக்கா போச்சு. ரியாத் கை மாறி, கை மாறி, கை மாறி. இதான் சமயம்னு 1871-ல் உதுமானியர்கள் கிழக்குக் கரையான அல்-அஹ்ஸாவைப் பிடிச்சுட்டாங்க. வடக்கே ஹாயில் நகரத்து ரஷீத் குடும்பம் மிச்சத்தை எடுத்துக்கிச்சு. 1891-ல் கடைசித் தம்பி அப்துர் ரஹ்மான் குடும்பத்தோட ஓடிப் போய், கடைசியில குவைத்தில் தங்கினார். அவர் கூடப் போன பையன்தான் பின்னாடி வந்த இப்னு சவூத்.

அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டா நாடே போயிடும்ங்கிறது அந்தக் குடும்பத்துக்கு பாடப் புத்தகத்துல படிச்ச விஷயம் கிடையாது. நிறுவனரே அந்தச் சண்டையால அகதியா வளர்ந்தவர். அதனால அடுத்த தலைமுறையில ஒரு ஏற்பாடு வந்தது. ஒருத்தர் அரசர், அடுத்தவர் பட்டத்து இளவரசர், மத்த முக்கியமான சகோதரர்களுக்கு ஆளுக்கொரு துறை. அதுவும் சாதாரணத் துறை இல்ல, துப்பாக்கி வெச்சிருக்கிற துறை.

இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், மொத்த விஷயமே இங்கதான் இருக்கு. சவூதியில ஆயுதம் மூணு இடத்துல இருந்தது. ராணுவம், அதாவது பாதுகாப்பு அமைச்சகம்: 1960களின் தொடக்கத்துலேர்ந்து 2011-ல் சாகற வரைக்கும் இளவரசர் சுல்தான் கையில. தேசியக் காவல் படை, பழங்குடிக் குலங்கள்லேர்ந்து ஆள் எடுக்கிற, ராணுவத்துக்குள்ள அடங்காத ஒரு தனிப் படை: இதுவும் 1960களின் தொடக்கத்துலேர்ந்து அப்துல்லா கையில. மூணாவது உள்துறை, அதாவது போலீஸ், உளவு, பயங்கரவாத எதிர்ப்புப் படை: 1975-லிருந்து 2012 வரை நாயிஃப் கையில. ஒரு அமைச்சர் ஒரே நாற்காலியில நாற்பது அம்பது வருஷம்! அதை அமைச்சகம்னு சொல்றதை விட ஜமீன்னு சொல்லலாம். ஆள் எடுக்கிறது, காண்ட்ராக்ட் கொடுக்கிறது, சம்பளம், விசுவாசம் எல்லாம் அந்தக் கிளைக்குத்தான்.

வெளியிலேர்ந்து பார்த்தா வீண் செலவு. ஒரு நாட்டுக்கு எதுக்கு ரெண்டு ராணுவம்? ஆனா உள்ள இது ஒரு பாதுகாப்பு. யாராலயும் தனியா எல்லாத்தையும் பிடிக்க முடியாது. எங்க ஃபீல்டுல டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்னு சொல்வோம். ஒரு மெஷின் ‘நான்தான் லீடர்’னு சொன்னா போதாது, மத்ததுல பெரும்பான்மை ஒத்துக்கணும். மெதுவா நடக்கும், எரிச்சலா இருக்கும், ஆனா ஒரு மெஷின் கெட்டுப் போனா மொத்தமும் படுக்காது.

இது வேலை செஞ்சதுக்கு ஆதாரம் 1964. முதல் மகன் சவூத் அரசரானதும் கஜானா காலி, கூடவே தன் சொந்தப் பையன்களைப் பெரிய பதவிகள்ல உட்கார வெச்சார். சகோதரர்களுக்கு உறுத்துச்சு. இப்படியே போனா வரிசை நம்ம பக்கம் வராது, அவர் பையன்கள் பக்கம் இறங்கிடும். 1958-லிருந்து அவருக்கும் தம்பி ஃபைசலுக்கும் இழுபறி. நிர்வாகம் ஒரு தடவை இவர் கையில, ஒரு தடவை அவர் கையில. கடைசியில பெரும்பாலான சகோதரர்கள் ஃபைசல் பக்கம் நின்னாங்க, தேசியக் காவல் படை அவங்க பக்கம், மார்க்க அறிஞர்கள் ஃபத்வா கொடுத்தாங்க. 1964 நவம்பர் 2-ம் தேதி பதவியில இருந்த அரசரையே இறக்கிட்டாங்க. சவூத் நாட்டை விட்டுப் போனார், 1969-ல் ஏதென்ஸில் இறந்தார். அரசரையே கேள்வி கேட்கிற பலம் சகோதரர்கள்கிட்ட இருந்தது.

1975 மார்ச்ல அரசர் ஃபைசலை அவரோட அண்ணன் தம்பி பையன் ஒருத்தரே சுட்டுக் கொன்னார். எந்த நாட்டுலயும் குழப்பம் வந்திருக்கக் கூடிய நேரம். இங்க காலித் அரசர், ஃபஹத் பட்டத்து இளவரசர்னு சத்தமில்லாம நடந்தது.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை? வயசு. அண்ணனுக்குப் பின் தம்பின்னு போற வரிசையில போகப் போக வயசானவங்கதான் பதவிக்கு வருவாங்க. அப்துல்லா 2005-ல் அரசரானப்போ வயசு எண்பதைத் தாண்டியாச்சு. அவர் காலத்துல பட்டத்து இளவரசர் சுல்தான் 2011 அக்டோபர்ல இறந்தார். அடுத்து வந்த நாயிஃப் 2012 ஜூன்ல இறந்தார். எட்டு மாசத்துல ரெண்டு வாரிசு காலி. மூணாவதா வந்த சல்மான் 2015 ஜனவரியில அரசரானப்போ 79 வயசு. உயிரோட இருந்த மகன்கள்ல கடைசிப் பையன் முக்ரினே 1945-ல் பிறந்தவர்.

என்னைக்காவது பேரன்கள் தலைமுறைக்கு இறங்கியே ஆகணும். ஆனா யாரோட பையன் முதல்ல? பேரன்கள் நூத்துக்கணக்குல இருக்காங்க. எந்தக் கிளையில முதல்ல இறங்குதோ, அந்தக் கிளைதான் இனி அரச குடும்பம். மத்தவங்க எல்லாரும் ‘அரச குடும்பத்து உறவினர்’. அதனாலதான் அத்தனை வருஷம் யாரும் அதைத் தொடல. அப்துல்லா 2006-ல் பைஅத் குழுன்னு ஒண்ணு அமைச்சார். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஆள், வாரிசை ஓட்டுப் போட்டு ஏத்துக்கிற குழு. பேப்பர்ல அருமையான டிசைன்.

இப்ப கொஞ்சம் இஸ்தான்புல் போயிட்டு வரலாம், ஏன்னா இதே கணக்கை உதுமானியக் குடும்பம் தலைகீழா போட்டுப் பார்த்திருக்கு.

உதுமானியர்கள்ல ஆரம்பத்துல வரிசையே கிடையாது. சுல்தான் செத்தா எந்த மகன் ஜெயிக்கிறாரோ அவர் சுல்தான். இரண்டாம் மெஹ்மத், கான்ஸ்டான்டிநோபிளைப் பிடிச்சவர், தன் சட்டத் தொகுப்புலயே எழுதினார்: பதவிக்கு வரும் மகன் உலக ஒழுங்குக்காகச் சகோதரர்களைக் கொல்லலாம்னு. அதன் உச்சம் 1595. மூன்றாம் மெஹ்மத் அரியணை ஏறின கையோட 19 சகோதரர்களைக் கழுத்தை நெரிச்சுக் கொல்ல வெச்சார். அரச ரத்தம் தரையில சிந்தக் கூடாதாம், அதனால கயிறு. அதுல சின்னக் குழந்தைகளும் உண்டு. அப்பாவோட பெட்டி போன வழியிலேயே 19 பெட்டிகள் போனதை ஊரே பார்த்தது.

அடுத்து 1603-ல் வந்த முதலாம் அஹ்மத்துக்கு 13 வயசு. இன்னும் குழந்தை கிடையாது. தம்பி முஸ்தஃபாவையும் கொன்னுட்டா, தனக்கு ஏதாவது ஆனா வம்சமே முடிஞ்சிடும். தம்பி பிழைச்சார். 1617-ல் அஹ்மத் இறந்ததும் முஸ்தஃபாவே சுல்தான். அங்கேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா, குடும்பத்துல மூத்த ஆண் அடுத்த சுல்தான்ங்கிற வழக்கம் வந்தது. ரத்தம் குறைஞ்சது. ஆனா காத்திருக்கிற இளவரசர்களை அரண்மனைக்குள்ள ஒரு பகுதியில அடைச்சு வெச்சாங்க. அந்த இடத்துக்கு ‘கஃபஸ்’னு பேரு. கூண்டுன்னு அர்த்தம். இரண்டாம் சுலைமான் 1687-ல் சுல்தானாக வெளிய வந்தப்போ, கிட்டத்தட்ட நாற்பது வருஷம் உள்ள இருந்திருந்தார். ஆட்சின்னா என்னன்னு பார்க்காதவர் கையில ஆட்சி.

உதுமானியர் கொலையிலேர்ந்து மூத்தவர் முறைக்கு வந்தாங்க. சவூதி மூத்தவர் முறையிலேர்ந்து அப்பா–மகன் முறைக்குப் போச்சு. என்னைக் கேட்டா, சவூதி சகோதரர்கள் முறை உதுமானியக் கூண்டை விட எவ்வளவோ மேல். காத்திருந்தவங்க கையில வேலை இருந்தது, படை இருந்தது, அனுபவம் இருந்தது. வயசுதான் ஜெயிக்க முடியாத எதிரி.

திரும்ப ரியாத். 2015 ஜனவரி. சல்மான் அரசராகிறார். அன்னைக்கே 29 வயசு மகன் எம்.பி.எஸ். பாதுகாப்பு அமைச்சர், கூடவே அரச அலுவலகத்தின் தலைவர். ரெண்டாவதுதான் முக்கியம். அரசரை யார் பார்க்கலாம், எந்தக் காகிதம் அவர் மேஜைக்குப் போகும்ங்கிறதை முடிவு பண்ற இடம். ரூட் ஆக்சஸ்னு வெச்சுக்கோங்க. மூணே மாசம், ஏப்ரல்ல பட்டத்து இளவரசர் முக்ரின் இறக்கப்பட்டார். இப்னு சவூதோட மகன்கள் வரிசை அன்னைக்கு முடிஞ்சது. எம்.பி.என். பட்டத்து இளவரசர், எம்.பி.எஸ். துணைப் பட்டத்து இளவரசர். சவூதிக் கடையில, ஆபீஸ்ல நிறுவனர், அரசர், பட்டத்து இளவரசர்னு மூணு போட்டோ வரிசையா மாட்டியிருப்பாங்க. அந்த மூணாவது சட்டத்துக்குள்ள மட்டும் ரெண்டரை வருஷத்துல படம் மூணு தடவை மாறியிருக்கு.

எம்.பி.என். சாதாரண ஆள் இல்ல. அல்-காய்தாவை உள்நாட்டுல நசுக்கினவர். 2009-ல் சரணடையறேன்னு வந்த ஒருத்தன் அவர் பக்கத்துலயே குண்டை வெடிச்சான், லேசான காயத்தோட தப்பிச்சார். அமெரிக்காவுக்குச் செல்லப் பிள்ளை. 2017 பிப்ரவரியில சி.ஐ.ஏ. பதக்கமே கொடுத்தது. நாலு மாசம் கழிச்சு பதவி போச்சு. அந்த ராத்திரி அவரைத் தனியா உட்கார வெச்சு, போனை வாங்கி வெச்சுட்டு, விடிய விடிய ராஜினாமாவுக்கு நெருக்கினாங்கன்னு நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பத்திரிகைகள் எழுதின. சவூதி தரப்பு மறுத்தது. பைஅத் குழுவுல 34 பேர்ல 31 பேர் மாற்றத்தை ஆதரிச்சாங்கன்னு அறிவிப்பு வந்தது.

இங்க முகலாயக் கதையை வெச்சுப் பார்த்தா ஒரு வித்தியாசம் தெரியும். 1657-ல் ஷாஜஹான் படுத்த படுக்கை. நாலு மகன்கள். மூத்தவர் தாரா அப்பா பக்கத்துல, தலைநகர்ல. ஷுஜா வங்காளத்துல, முராத் குஜராத்துல, ஔரங்கசீப் தக்காணத்துல, ஆளுக்கொரு மாகாணம், ஆளுக்கொரு படை. அப்பாவோட ஆசி, கஜானா, முத்திரை எல்லாம் தாராகிட்ட. ஆனா 1658 மே மாசம் ஆக்ரா பக்கத்துல சாமுகர் போர்ல ஔரங்கசீப் ஜெயிச்சார். அடுத்த வருஷம் தாரா கொல்லப்பட்டார். ஷாஜஹான் 1666-ல் சாகற வரைக்கும் ஆக்ரா கோட்டையில சிறை. அப்பா பக்கத்துல இருந்த பையன் தோத்தார், களத்துல படை வெச்சிருந்தவர் ஜெயிச்சார்.

2017-ல் நேர்மாறு. எம்.பி.எஸ். உட்கார்ந்திருந்தது தாராவோட இடத்துல, ஆடின ஆட்டம் ஔரங்கசீப்போடது. அது ஏன் பலிச்சதுன்னா, மத்த கிளைகளோட படைகள் ஜமீன் மாதிரி தெரிஞ்சாலும் ஜமீன் கிடையாது. ஔரங்கசீப்போட தளபதிகள் வருஷக்கணக்கா அவர் கூட தக்காணத்துல போர் செஞ்சவங்க. சவூதியில சம்பளமும் பெட்ரோலும் ரியாத்திலேர்ந்து வரும், அமைச்சர் யார்ங்கிறதை அரச ஆணையோட ஒரு பக்கம் மாத்திடும். நாற்பது வருஷம் நாற்காலியில இருந்த அப்பாக்கள் காலத்துல அந்தப் பக்கத்தை எழுத எந்த அரசருக்கும் துணிச்சல் வரல. அப்பாக்கள் போயிட்டாங்க, பையன்கள் புதுசு. தேசியக் காவல் படையில அப்துல்லாவோட மகன் முதைப், உள்துறையில நாயிஃபோட மகன் எம்.பி.என்., பாதுகாப்பில் சல்மானோட மகன் எம்.பி.எஸ். மூணு நாற்காலி, மூணு பேரன்கள். அதுல ஒருத்தரோட அப்பா மட்டும்தான் கையெழுத்துப் போடற இடத்துல இருந்தார்.

2017 ஜூன்ல உள்துறை போச்சு. ஜூலையில உளவையும் பயங்கரவாத எதிர்ப்புப் படையையும் அந்தத் துறையிலேர்ந்தே பிரிச்சு, அரசருக்கு நேரடியா பதில் சொல்ற தனி அமைப்புக்கு மாத்தினாங்க. நவம்பர் 4-ம் தேதி முதைப் நீக்கம், அதே ராத்திரி ரியாத் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்ல இளவரசர்கள், அமைச்சர்கள், தொழிலதிபர்கள்னு அடைப்பு. பேரு ஊழல் ஒழிப்பு. ஊழல் இல்லாமலா இருந்திருக்கும்? நிச்சயம் இருந்தது. ஆனா மூணாவது துப்பாக்கியும் அன்னைக்குத்தான் ஒரே கைக்கு வந்தது. அஞ்சே மாசம்.

அடைபட்டவங்கள்ல பில்லியனர் அல்-வலீத் பின் தலாலும் ஒருத்தர். உள்ள போனவங்க பெரும்பாலும் சொத்தை எழுதிக் கொடுத்துட்டு வெளிய வந்தாங்க. 400 பில்லியன் ரியாலுக்கு மேல மீட்டோம்னு அரசு சொன்னது. 19 பெட்டிகளோட ஒப்பிட்டா முன்னேற்றம்தான். ஆனா எல்லாருக்கும் அவ்வளவு லேசா முடியல. 2018 அக்டோபர் 2-ம் தேதி, பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல் சவூதித் துணைத் தூதரகத்துக்குள்ள போனார், வெளிய வரவே இல்ல. அவர் இளவரசர் கிடையாது, விமர்சனம் எழுதினவர். 2020 மார்ச்ல எம்.பி.என். கைது. அவரோட சேர்த்து, அரசர் சல்மானோட கூடப் பிறந்த தம்பி அஹ்மத்தும். 1964-ல் கூடிப் பேசி அரசரை இறக்கின தலைமுறையில மிச்சமிருந்த ஒரு சிலர்ல ஒருத்தர் அவர்.

‘பெண்கள் கார் ஓட்டறாங்க, சினிமா தியேட்டர் வந்தாச்சு, இதெல்லாம் பழைய கிழவர்கள் கூடிப் பேசியிருந்தா நடந்திருக்குமா’ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. இவ்வளவு வேகமா நடந்திருக்காது. ஆனா 2015-ல் யேமன் போர் ஆரம்பிச்சதும் அதே வேகத்துலதான். ‘வேணாம்’னு சொல்ல ஒரு சித்தப்பா இருந்தா நல்லது தாமதமாகும், கெட்டதும் தாமதமாகும். மூணு கோடிக்கும் மேல மக்கள் இருக்கிற நாடு, 20 லட்சத்துக்கும் மேல இந்தியர்கள் வேலை பார்க்கிற இடம். உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒருத்தர் அங்க இருப்பார்.

கடைசியா ஒரு விஷயம், தலைப்புச் செய்திகள்ல பெருசா வராதது. எம்.பி.எஸ்ஸைப் பட்டத்து இளவரசராக்கின அதே 2017 ஜூன் ஆணையில, நாட்டின் அடிப்படைச் சட்டத்துல ஒரு வரி சேர்த்தாங்க. நிறுவனரின் மகன்கள் தலைமுறை முடிஞ்ச பிறகு, அரசரும் பட்டத்து இளவரசரும் ஒரே கிளையைச் சேர்ந்தவங்களா இருக்கக் கூடாது. அதாவது எம்.பி.எஸ். அரசரானா, அவர் மகன் வாரிசாக முடியாது. அவர் கூடப் பிறந்த தம்பியும் முடியாது, அவரும் சல்மானோட மகன்தானே. வேற கிளையிலேர்ந்துதான் ஒருத்தர் வரணும். மத்த கிளைகளைச் சமாதானப்படுத்தக் கொடுத்த வாக்குறுதி அது.

ஆனா அந்த வரியை எழுதினது ஒரு அரச ஆணை. இன்னொரு அரச ஆணை அதை எடுத்துடலாம். 1964-ல் அப்படி எடுத்தா கேட்க ஆள் இருந்தாங்க, கையில படையும் இருந்தது. இந்த எபிசோட் பதிவாகும்போது சல்மான் அரசரா இருக்கார், துணைப் பட்டத்து இளவரசர் பதவி 2017-லிருந்து காலியா இருக்கு. அடுத்த அரசர் யார்னு எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு அந்த மூணாவது சட்டத்துக்குள்ள எந்தக் கிளையோட படம் வருதுன்னு பாருங்க.

அடுத்த எபிசோட்ல ஜோர்டான். 34 வருஷம் பட்டத்து இளவரசரா இருந்த தம்பியை, சாகறதுக்குச் சில வாரம் முன்னாடி அரசர் ஹுசைன் ஒரு கடிதத்துல மாத்தின கதை. சந்திப்போம்.